சேவுகன் நின்ற இடம்

ஆகஸ்ட் 4, திங்கள்
எடை 84.2. தூக்கம் ஆறு மணி நேரம். வலது முழங்கால் வலி, பத்துக்கு இரண்டு.

இந்த நோட்டை எங்கள் பிசியோ தேஷ்முக் எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். தினமும் மேலே இந்த மூன்றையும் எழுத வேண்டும். கீழே மனதில் இருப்பதை எழுத வேண்டுமாம். அவர் நாசிக்காரர், தமிழ் ஓர் எழுத்து தெரியாது. மேலே இருக்கும் எண்களைப் பார்த்து டிக் அடிப்பார், அவ்வளவுதான். ஆகவே கீழே எதை எழுதினாலும் சுவரிடம் சொன்ன மாதிரி.

இன்று மதுரையில் முகாம் தொடங்கியது. பொதிகை ரைனோஸ் கபடி அணியில் எனக்கு இது ஏழாவது சீசன். போன ஆறு சீசனும் 'லெஃப்ட் கார்னர், இசக்கிராஜ்' என்று வாசித்த கோச் தனுஷ்கோடி சார் இன்று 'லெஃப்ட் கவர், இசக்கிராஜ்' என்று வாசித்தார். நான் கையைத் தூக்கினேன். லெஃப்ட் கார்னருக்கு ஹரியானாவிலிருந்து ரோத்தாஷ் என்று ஒருவன் வந்திருக்கிறான்.

"சேவுகன் நின்ன இடத்த வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலப்பா. அந்த இடம் எப்பிடின்னு ஒனக்குத்தான் தெரியும்" என்றார் சார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சாயங்காலம் ஊருக்கு ஃபோன் செய்தபோது ஆவுடை கேட்டாள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் என் மனைவி கபடியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். "கார்னருக்கும் கவருக்கும் என்னங்க வித்தியாசம்? ரெண்டும் ஒரே வரிசதான?"

"ஓரத்துல நிக்கவன் கார்னர். எதிரணியிலருந்து கபடி பாடி வாரவன் கால அவன் பிடிக்கணும். அவனுக்கு உள்பக்கமா கையக் கோத்துக்கிட்டு நிக்கவன் கவர். பாடி வந்தவன் திரும்பி ஓடுத வழியில ஒடம்பக் குடுத்து அடைக்கணும்."

"ஓரடி தள்ளி நிக்கணும். அதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றாள்.

ஆமாம், ஓரடிதான்.


ஆகஸ்ட் 5
84.0. ஏழு. இரண்டு.
காலையில் ஓட்டம். மாலையில் ஓட்டம். நடுவில் துணி துவைத்தேன்.


ஆகஸ்ட் 7, வியாழன்
84.4. ஐந்து. இரண்டு.

இன்று மூன்று தடவை விழுந்தேன். ஆறு வருடம் கார்னரில் நின்றவனுக்கு வலது கை மட்டும்தான் இன்னொருவனிடம் இருக்கும். இடப்பக்கம் ஒரே வெளி. கவரில் இடது கை ரோத்தாஷிடம் இருக்கிறது. எந்தக் காலை முதலில் வைப்பது என்பதே மறந்துபோகிறது. முப்பத்தொரு வயதில் இடது கையால் சாப்பிடப் பழகுகிற மாதிரி இருக்கிறது.

அரங்கத்தில் கூட்டம் கத்தும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் கைகோத்து நிற்பவர்களுக்கு விரல்தான் பேச்சு. எனக்கும், என் பக்கத்தில் கவராக நின்ற சேவுகனுக்கும் கணக்கு எளிது. ஒரு அமுக்கு என்றால் பொறு. இரண்டு அமுக்கு என்றால் நான் காலுக்குப் போகிறேன், நீ வா. அமுக்குவது எப்போதும் கார்னர்தான், ஏனென்றால் பாடி வருபவனின் குதிகால் அவனுக்குத்தான் தெரியும். கவர் வாங்கிக்கொள்பவன்.

ரோத்தாஷின் ஊரில் ஒரே அமுக்குதான், உடனே பாய வேண்டும். காலையில் அதைத் தெரிந்துகொள்ளாமல் நின்று இரண்டு புள்ளி விட்டோம். அப்புறம் தரையில் உட்கார்ந்து விரலைக் காட்டிப் பேசி முடித்தோம். "ஏக், ருக்கோ. தோ, சலோ" என்றேன். "டீக் ஹை, பாய்" என்று தலையாட்டினான். நல்லவனாகத் தெரிகிறான். கை நிறைய காய்ப்பு.


ஆகஸ்ட் 9, சனி
84.1. ஐந்து. இரண்டு.

முகாமில் ஒரு புதிய வார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறது. பயிற்சியில் ரைட் கவர் கொஞ்சம் முந்திப் பாய்ந்துவிட்டான். உடனே பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், சேவுகன் போடாதடா!" எல்லோரும் சிரித்தார்கள். கார்னர் அசைவதற்கு முன்னால் கவர் பாய்ந்தால் அதற்குப் பெயர் 'சேவுகன் போடுவது'. போன டிசம்பரில் அவன் அடிபட்ட ஆட்டத்துக்கு வர்ணனை சொன்னவர்கள் 'கவர் அவசரப்பட்டுவிட்டார், கவர் அவசரப்பட்டுவிட்டார்' என்று இருபது தடவையாவது சொன்னார்கள். அதிலிருந்து வந்திருக்கும்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் கழுத்து முறிந்து கிடந்தபோது அழுதவர்கள்தான் இவர்கள்.

ரோத்தாஷ் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை இதுதான். அவசரம் என்பதற்குத் தமிழில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டான். இரவுச் சாப்பாட்டில் சப்பாத்தி கொண்டு வந்தவரிடம், "பாய், நோ சேவுகன், நோ சேவுகன்" என்றான். மெதுவாகக் கொண்டு வாருங்கள் என்று அர்த்தம். நான் திருத்தவில்லை.


ஆகஸ்ட் 10, ஞாயிறு
எடை பார்க்கவில்லை.

விடுமுறை. மேலூர் வழியாகச் சிங்கம்புணரி போனேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

சேவுகன் வாசல் பக்கத்து அறையில் நாற்காலியில் இருந்தான். கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டார்கள். வலது கையால் டம்ளரைப் பிடிக்கிறான். இடது கை மடியில் கிடக்கிறது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்தால் கொஞ்சம் நிற்கிறான். எண்பத்திரண்டு கிலோ இருந்தவன் இப்போது அறுபத்து மூன்றாம். எட்டு மாதம் ஆகிறது. இனி களத்தில் இறங்க முடியாது என்று டாக்டர் சொன்னதை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

அவன் மனைவி மீனாள் காபி கொண்டுவந்தாள். "வாங்கண்ணே. அத்தன பேரு கூட வெளையாண்டாங்க, வந்து பாக்குறது நீங்க ஒருத்தருதான்" என்றாள். ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்கிறாள். சொல்லிவிட்டு அவனுக்குக் காபியை ஆற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கியதில் கொஞ்சம் சட்டையில் சிந்தியது.

"அதுலயும் அவசரம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? ஒரு செகண்டு பொறுத்திருந்தா இன்னைக்கு இப்பிடிக் கெடப்பீகளா? ரெண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு நான் இந்தப் பாடு படுவனா?" துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னாள். துடைப்பது பதமாக இருந்தது. பேச்சு அப்படி இல்லை.

சேவுகன் மிச்சக் காபியைக் குடித்து முடித்தான். அவள் உள்ளே போனதும், "ஒன்ன எங்க நிப்பாட்டிருக்காக?" என்று கேட்டான்.

"ஒன் எடத்துல."

"அடப்பாவி." டம்ளரைக் கீழே வைத்தான். "கவர்ல நிக்கிறவன் கண்ண நம்பக்கூடாது மாப்ள. கையத்தான் நம்பணும். பழகிக்க."

சாதாரணமாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். காபி நன்றாக இருந்தது.


ஆகஸ்ட் 13, புதன்
83.8. நான்கு. ஒன்று.

இன்று பயிற்சி ஆட்டத்தில் ரோத்தாஷ் இரண்டு தடவை அமுக்கினான். அமுக்கினான் என்று எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே நான் காற்றில் இருந்தேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போகலாமா என்று கேட்டுக்கொள்ள நடுவில் இடமே இல்லை. கை வாங்கியது, உடம்பு போய்விட்டது. என் நெஞ்சு, பாடி வந்தவனின் இடுப்பில் மோதியது. கீழே பார்த்தால் ரோத்தாஷ் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கால் பிடிபட்டவன் மெத்தை மாதிரி சாய்ந்தான். எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

சார் கை தட்டினார். "பாத்தீங்களாடா, சேவுகன் போடாம எப்பிடிப் போறதுன்னு?" என்றார்.

ஆறு வருடம் நான் அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். வாங்குவது எப்படி இருக்கும் என்று அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.


ஆகஸ்ட் 14
83.9. நான்கு. ஒன்று.
ரோத்தாஷ் இன்று பதினெட்டு தடவை அமுக்கினான். பதினெட்டு தடவையும் வந்தான்.


ஆகஸ்ட் 18, திங்கள்
83.5. மூன்று. ஒன்று.

வீடியோ வகுப்பு. எனக்காகவே சார் அந்த ஆட்டத்தைப் போட்டார். கவர் என்ன செய்யக்கூடாது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். குளிர்சாதன அறை, இருபது நாற்காலி, சுவரில் பெரிய திரை. கடைசி மூன்று நிமிடம். நாங்கள் ஐந்து பேர் களத்தில். எதிரணிக்காரன் பாடி வந்து புள்ளி எடுத்தே ஆக வேண்டிய ரெய்டு. பாடி வந்தவன் என் மூலைக்கு வருகிறான். சேவுகன் பாய்கிறான். சார் அங்கே நிறுத்தினார்.

"இங்க பாரு. கார்னர் இன்னும் அசையவே இல்ல. கவர் பறந்துட்டான். தனியா மோதுறான். கால் பிடிபடாததுனால வந்தவன் முழு வேகத்துல வர்றான், இவன் தலை கீழ போகுது. ராஜு, நீ இத மட்டும் செஞ்சிராத."

ஒன்பது தடவை ஓட்டினார். ஒன்பது தடவையும் எல்லோரும் சேவுகனைப் பார்த்தார்கள். திரையின் இடது ஓரத்தில் இருந்த என் காலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முன்னால் வரவில்லை என்பது சரிதான். பின்னால் போகிறது. அரை அடி. யாராவது கவனிப்பார்கள் என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன்.

கைகள் தெரியவில்லை. சேவுகனின் முதுகு மறைத்துவிட்டது.

"வெளங்குச்சா?" என்றார் சார்.

"சரி சார்" என்றேன்.

மத்தியானம் மீன் குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.


ஆகஸ்ட் 19, செவ்வாய்
தூக்கம் இல்லை.

சுவரிடம்தானே சொல்கிறேன், எழுதிவிடுகிறேன். நான் இரண்டு தடவை அமுக்கினேன். தெளிவாக, நன்றாகவே அமுக்கினேன். அவன் போனான். நான் போகவில்லை.

அந்தச் சீசனுக்கு முந்தைய வருடம் என் வலது முழங்காலில் தசைநார் கிழிந்து ஒன்பது மாதம் வீட்டில் கிடந்தேன். அமுக்கிய பிறகு வந்தவனின் கால் நேராக அந்த முழங்காலை நோக்கி வருவது தெரிந்தது. யோசிக்கவில்லை, கால் தானாகப் பின்னால் போய்விட்டது என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். யோசித்தேன். இன்னொரு தடவை போனால் என் ஆட்டம் முடிந்தது என்று யோசித்தேன். ஒரு முழு வாக்கியமே யோசிக்க நேரம் இருந்தது. கவருக்குத்தான் நேரம் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மைக்கை நீட்டினார்கள். 'அவன் எப்பவுமே அணிக்காக உயிரைக் குடுத்து ஆடுறவன்' என்று சொன்னேன். அமுக்கினதைச் சொல்லவில்லை. அன்று சொல்லாததை அடுத்த நாள் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஒரு மாதம் போனபின் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். எழுதி முடித்த பிறகு ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.


ஆகஸ்ட் 23, சனி
83.0. மூன்று. வலி இல்லை.

சாரிடம் சொல்லிவிட்டேன். இன்று காலை வார்ம்-அப்பில் ஒருவன் மறுபடி 'சேவுகன் போடாதடா' என்றான், ரோத்தாஷும் சேர்ந்து சிரித்தான். நேராகச் சார் அறைக்குப் போனேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அன்னைக்கு நாந்தான் அமுக்குனேன். ரெண்டு அமுக்கு. அமுக்கிட்டு நான் போகல. அவன் மேல தப்பு இல்ல."

கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார். பிறகு எழுந்து வந்து தோளில் கையை வைத்தார். "ஒன் மனசு எனக்குத் தெரியும்ப்பா. கூடப்பொறந்தவங்க மாதிரி இருந்தீங்க. பழிய நீ வாங்கிக்கிட்டா அவன் பேரு தப்பிக்கும்னு பாக்குற."

"இல்ல சார். நெசமாத்தான்."

மடிக்கணினியைத் திறந்து அந்த இடத்தை ஓட்டினார். பெரிதாக்கினார். முதுகுதான் தெரிந்தது. "எங்க? காட்டு" என்றார். எதைக் காட்டுவேன்? "ஆறு வருசம் ஒன்ன கார்னர்ல பாத்தவன் நான். நீ அமுக்கிட்டுப் போகாம நிக்கிற ஆளாடா? போ, போய்ச் சாப்பிடு."

பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, இனி அந்த வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூட விளையாடியவனுக்காகத் தன் மேல் பழி போட்டுக்கொள்ள ஒருவன் வந்தான், அவன் பேர் இசக்கிராஜ் என்றும் சொன்னார். கேப்டன் கட்டிப்பிடித்தான். நான் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு அது தன்னடக்கமாகத் தெரிந்தது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாகிவிட்டது. தள்ளியதும் நான், பறித்ததும் நான், விழுந்தவன் மட்டும் அவன்.

சாயங்காலம் அணியின் இணையப் பக்கத்தில் நானும் சேவுகனும் கைகோத்து நிற்கும் பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். 'நட்புன்னா இது' என்று எழுதி ஒரு சிவப்பு இதயம். பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

சிங்கம்புணரி போகவில்லை. மழை என்று சொல்லிவிட்டேன். மதுரையில் மழை இல்லை.

மீனாள் ஃபோன் செய்தாள். "அண்ணே, படத்தப் பாத்தேன். கண்ணு கலங்கிருச்சு. இவரு செஞ்ச தப்ப நீங்க வாங்கிக்கிறேன்னீங்களாமே. இந்த மாதிரி ஒரு மனுசன் கெடைக்க இவரு குடுத்துவச்சிருக்கணும்ணே" என்றாள். பின்னால் சேவுகன் ஏதோ சொல்வது கேட்டது. "நீங்க சும்மா இருங்க" என்று அவனை அதட்டினாள்.


ஆகஸ்ட் 28
82.6. நான்கு. இல்லை.
எடை குறைகிறது என்று தேஷ்முக் முட்டை கூட்டச் சொன்னார். நோட்டில் டிக் அடித்தார்.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

போனேன். எனக்காகக் கோழி அடித்திருந்தாள். வாசலில் காலணியைக் கழற்றும்போதே குழம்பு வாசனை வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

சேவுகன் அறைக் கதவைச் சாத்தச் சொன்னான். சாத்தினேன்.

"கோச்சுட்ட சொன்னியாமே?"

"சொன்னேன். நம்பல."

"டீம்ல சொன்ன. ஊரு ஒலகத்துக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. எங்கிட்ட மட்டும் இன்னும் சொல்லல."

அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை. அவனுக்குத் தெரியும் என்பதால் அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. முட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சேவுகா, நாந்தாம்ல அமுக்குனேன். ரெண்டு தடவ. முழங்கால் போயிரும்னு பயந்து நின்னுட்டேன்."

"தெரியும்டா. வாங்குனது என் கைதான?" குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "மொத மாசம் ஒன்னக் கொல்லணும்னு இருந்துச்சு. கையத் தூக்க முடியல, எங்க கொல்றது?"

"பின்ன ஏன் யாருட்டயும் சொல்லல? மீனாகிட்டயாவது சொல்லிருக்கலாம்லா? தெனமும் ஏசுதா ஒன்ன."

அவன் ஜன்னலைப் பார்த்தான். "சொன்னா ஒன்ன வாசப்படி ஏத்த மாட்டா. வேற யாருடா வர்றா எனக்கு? ஏச்சுதான? வாங்கிட்டுப் போறேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு மீனாள் தட்டோடு வந்தாள். அவனுக்குப் பிசைந்து ஊட்டினாள். "மெதுவா மெல்லுங்க. முழுங்குறதுலயும் அவசரம்" என்றாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் கோழிக் குழம்பு சாப்பிட்டேன். எனக்கு மூன்று துண்டு வைத்தாள், அதில் ஒன்று ஈரல்.


செப்டம்பர் 2
தூக்கம் இரண்டு மணி நேரம். ஆவுடையிடம் எல்லாவற்றையும் ஃபோனில் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்த மீனா பிள்ளைட்ட சொல்லிட்டு அப்புறம் எனக்குப் பேசுங்க" என்று வைத்துவிட்டாள்.


செப்டம்பர் 7, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சேவுகன் தூங்கிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் டியூஷன் போயிருந்தார்கள். மீனாள் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காபி போட்டுக் கையில் கொடுத்திருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். விரலால் பேசுவது, ஒன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன, அன்று நான் எத்தனை தடவை அமுக்கினேன், என் கால் எந்தப் பக்கம் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது.

"சும்மா அவருக்காகச் சொல்லாதீங்கண்ணே."

"இல்ல தாயி. அவன எழுப்பிக் கேளு."

அவரைக்காயை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"எட்டு மாசமா அவர நான் ஏசிக்கிட்டே இருக்கேன்" என்றாள். "சோறு ஊட்டும்போது ஏசுறேன். பீத்துணிய அலசும்போது ஏசுறேன். பிள்ளைக கிட்ட, ஒங்கப்பன் மாதிரி அவசரப்படாதீங்கன்னு சொல்லி வளக்குறேன்." அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்சீங்க."

எழுந்து அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவள் அழுவது கேட்டது. அவன், "விடு, விடு புள்ள" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போ என்று சொல்லக்கூட எனக்கு அங்கே ஆள் இல்லை. டம்ளரில் பாதிக் காபி இருந்தது. கொட்டிவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பஸ் நிலையம் வரை நடந்தேன்.


செப்டம்பர் 8
81.9.
சேவுகன் ஃபோனை எடுக்கவில்லை.


செப்டம்பர் 10, புதன்
81.7. ஐந்து. இல்லை.

சார் கூப்பிட்டார். மீனாள் அவரிடம் பேசியிருக்கிறாள். சேவுகனிடம் ஃபோனைக் கொடுத்து அவனையே சொல்லவும் வைத்திருக்கிறாள். "நீ முன்னாடியே சொன்ன. நாந்தான் நம்பல" என்றார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன். மேசையில் இருந்த விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தன வாட்டி அந்த வீடியோவ ஓட்டி அவன் பேரக் கெடுத்தேனே" என்றார், என்னிடம் இல்லை. பிறகு எல்லோரையும் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார். கேப்டன் என்னைப் பார்க்கவில்லை.

மாலைப் பயிற்சியில் ரோத்தாஷுக்கு யாரோ இந்தியில் விளக்கியிருக்கிறார்கள். என் பக்கத்தில் வந்து நின்றான். கையைக் கொடுத்தான். முன்பு விரல்களுக்கு நடுவில் விரலைக் கோத்துப் பிடிப்பான். இன்று உள்ளங்கையை மட்டும் வைத்தான். இரண்டு அமுக்கு ஒருதடவைகூட வரவில்லை. கவரில் நிற்பவன்மேல் கார்னருக்கு நம்பிக்கை இல்லையென்றால் அமுக்க மாட்டான், தனியாகவே பார்த்துக்கொள்வான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.


செப்டம்பர் 12, வெள்ளி
81.5. நான்கு. இல்லை.

மீனாளின் ஃபோன். "ஞாயித்துக்கெழம காலைல வாங்க. அவர நிக்க வச்சுப் பழக்க ரெண்டு ஆளு வேணும். எந் தம்பி திருப்பூர் போயிட்டான். அவரு கேக்குறாரு, அதனால கூப்புடுறேன்" என்றாள். வைத்துவிட்டாள். அண்ணே என்று எங்கேயும் சொல்லவில்லை.

ஞாயிறு காலைதான் புதுச் சட்டை போட்டு அணிப் படம் எடுக்கும் நாள். சாரிடம் கேட்டேன். "படத்துல நீ இல்லாட்டி, எந்த இடத்துல நிக்கப்போறன்னு நானும் இப்ப முடிவு பண்ண வேண்டியதில்ல. போயிட்டு வா" என்றார். அதற்கு என்ன அர்த்தமோ. சீசன் தொடங்க இன்னும் பதினாறு நாள்.


செப்டம்பர் 14, ஞாயிறு

எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டேன். காபி தரவில்லை. சேவுகன் சவரம் செய்து, வேட்டி கட்டித் தயாராக இருந்தான். "வாடா" என்றான்.

மீனாள் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். "நீங்க அவருக்கு எடப்பக்கம் போங்க" என்றாள் என்னிடம். "அந்தப் பக்கந்தான் அவருக்குச் சுத்தமா ஓட்டம் இல்ல. கையக் கக்கத்துக்குள்ள குடுத்துத் தூக்கணும். இழுக்கக் கூடாது." வலப்பக்கம் அவள் நின்றுகொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவளே எண்ணினாள். தூக்கினோம்.

நின்றான். முழங்கால் இரண்டும் நடுங்கின. வேர்வை நெற்றியிலிருந்து என் தோளில் விழுந்தது. இவ்வளவு கிட்டத்தில் நாங்கள் நின்று ஒன்பது மாதம் ஆகிறது. பழைய தைல வாசனை இப்போதும் இருக்கிறது.

"எம் பக்கம் சாயுங்க" என்றாள் மீனாள். "எம்மேல போடுங்க பாரத்த. நான் பிடிச்சிருக்கேன்."

அவன் சாயவில்லை.

"அந்தப் பக்கம் வேணாங்க. சொன்னாக் கேளுங்க. இங்கிட்டு வாங்க."

சேவுகன் மூச்சை இழுத்துப் பிடித்தான். அவள் பக்கத்துக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். பிறகு மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், தன் உடம்பு மொத்தத்தையும் என் மேல் போட்டான்.

மீனாள் பேச்சை நிறுத்தினாள். நான் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்து பார்வையை மறைத்தது. துடைக்கக் கை இல்லை.